மழைக்கு முன் இறக்கிவைக்க வேண்டியவை

புதுச்சேரியை ஒட்டிய மீனவ ஊர் வீராம்பட்டினம். கைபேசி அபூர்வமாக இருந்த காலத்திலேயே அங்கே ஒரு வேலை தவறாமல் நடந்துவந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக்கொடுத்த கிராம அறிவு மையத்தில், ஊர்க்காரர்களே கணினி முன் உட்கார்ந்து, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை இறக்குவார்கள். அதைத் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் வேலையை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அதே திட்டத்தில் மையம் கிடைத்த இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலைபார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. மையம் பூட்டிக்கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போனவர்கள் ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லோரையும் ஊரைவிட்டு ஓடச் சொன்னார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நல்லவாட்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இந்தியாவுக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை மையமே அப்போது கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸில் அது செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான். நல்லவாட்டைக் காப்பாற்றிய செய்தி அரசிடமிருந்து வரவில்லை. எங்கிருந்தோ ஒருவர் சொன்னது. ஆனால் வந்த செய்தியைச் சில நிமிடங்களில் ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அங்கே முன்கூட்டியே இருந்தது. ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, அதை எப்படிப் போடுவது, எந்தக் குரல் கேட்டால் ஊர் நம்பும் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, ஆளுக்கொரு கைபேசியும் அதற்குள் டஜன் கணக்கில் செயலிகளும் இருக்கிற இன்று, அந்தக் கடைசித் தூரத்தில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

தகவலுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியான எச்சரிக்கையை நிறக் குறியீட்டோடு அன்றாடம் வெளியிடுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலி, நாம் நிற்கும் இடத்துக்கான எச்சரிக்கையைத் தருகிறது. தமிழ்நாடு அரசு 2024 வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ‘டிஎன் அலர்ட்’ செயலியைக் கொண்டுவந்தது. புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’, நம்மைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இடி மின்னல் வரும் வாய்ப்பைச் சொல்கிறது. வயல்வேலைக்குப் போகிறவர்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்கள் வீட்டில் ஒருவர் கைபேசியிலாவது தாமினி இருந்தே ஆக வேண்டும். கடலோர ஊர்களுக்கு இன்காய்ஸின் அலை உயர எச்சரிக்கை இருக்கிறது. இவை அனைத்தும் இலவசம்.

இவற்றைப் படிக்கத் தெரிந்திருப்பது தனிக் கல்வி. ஆரஞ்சு என்றால் பயப்பட வேண்டாம், சிவப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். வானிலைத் துறையின் கணக்கில் ஆரஞ்சு என்பதே ‘தயாராகு’ என்ற கட்டளை. சிவப்பு வரும்போது தயாராவதற்கான நேரம் முடிந்துவிட்டது, செயலில் இறங்க வேண்டியதுதான். அதேபோல, 24 மணி நேரத்தில் சுமார் 6.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதி கனமழைக்கு மேல் வேறு பெயர் கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது சுமார் 95 சென்டிமீட்டர். அந்த எண் முன்னறிவிப்பு எதிலும் இருக்கவில்லை. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் பெயர் ஒன்றுதான் என்பதைத் தெரிந்துகொண்டவர், ‘அதி கனமழை’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாடிக்கு அரிசியை ஏற்றிவிடுவார்.

செயலி, இணையதளம் என்று சொல்லும்போதெல்லாம் நாம் மறந்துபோகிற ஒன்று உண்டு. தேவைப்படுகிற நேரத்தில் இணையம் இருக்காது. 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு அடையாறு கரைமீறியபோது, சென்னையின் பெரும்பகுதியில் கைபேசிகள் வாயடைத்துப்போயின. மின்கசிவால் உயிர் போகாமலிருக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அதன் பிறகு கைபேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் ஜெனரேட்டரில் ஓடும், டீசல் கொண்டுவரும் வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் அணைந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிச் சென்ற பிறகு, டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. தென்னை மட்டும் சாயவில்லை, கம்பமும் கம்பியும் சாய்ந்தன. அந்த நாட்களில் எந்தக் காணொளியும் யாருக்கும் உதவியிருக்காது.

ஆகவே இணையத்தில் எதைத் தேடினாலும் மழைக்கு முன்பே தேடி, இறக்கி, முடிந்தால் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் வரைபடத்தில் சொந்த மாவட்டத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாமலும் வழி தெரியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு இயங்கும் செயலிகளும் இதைச் செய்கின்றன. ‘கிவிக்ஸ்’ என்ற இலவசச் செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கிக் கைபேசிக்குள் வைத்துக்கொள்ளலாம். ஹெஸ்பெரியன் என்ற அமைப்பு வெளியிடும், மருத்துவர் எட்டாத ஊர்களுக்கான புகழ்பெற்ற மருத்துவக் கையேடு மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் டேவிட் வெர்னர் செய்த பணியிலிருந்து பிறந்தது. அதை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். படங்கள் நிறைந்த புத்தகம் அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் படங்களே பாதியைச் சொல்லிவிடும்.

2023 மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தது. மேலே கொட்டை எழுத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, மின்னகம் 94987 94987. அதன் கீழே வீட்டு மின் இணைப்பு எண். அடுத்து, கணவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள் மில்லிகிராம் அளவோடு, இருவரின் இரத்த வகை, வெளியூரில் இருக்கும் மகளின் எண். கடைசியில் ‘மெயின் ஸ்விட்ச் – மாடிப்படிக்குக் கீழே, இடதுபுறம்’. யாருக்காக அந்தக் கடைசி வரி என்று கேட்டேன். “நான் மயங்கிக் கிடந்தா, உள்ளே வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா சார்?” என்றார். தெருவில் கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தபோது, சார்ஜ் மிச்சமிருந்த ஒரே பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு எல்லோரும் போனது அந்த அலமாரிக்குத்தான். தங்கள் பிள்ளைகளின் எண்கூட மனப்பாடமாக இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத் தெரிந்தது.

உயிர்பிழைக்கும் கலை என்று யூடியூபில் தேடினால் கொட்டுபவை வேறு உலகத்துக்கானவை. பனிக்காட்டில் குச்சியைக் கடைந்து தீ மூட்டுவது, முயலுக்குக் கண்ணி வைப்பது, நிலத்தடியில் அறை கட்டி ஓராண்டு உணவைப் பதுக்குவது. பார்க்கச் சுவையாக இருக்கும். நம் ஆபத்து அந்த வடிவத்தில் வருவதில்லை. இரண்டாவது மாடியில், நான்கு பக்கமும் சாக்கடை கலந்த தண்ணீர் சூழ, கைக்குழந்தையோடும் சர்க்கரை நோயாளியான மாமனாரோடும் மூன்று நாள் எப்படி இருப்பது என்பதே நம் கேள்வி. அதற்கான பதில்கள் சாதாரணமானவை, அதனால் யாரும் காணொளி போட்டு லட்சம் பார்வை வாங்குவதில்லை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லையென்றால், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்குத் தீங்கு. கரைத்தபின் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. குளிர்பெட்டி நின்றுபோனால் இன்சுலின் உடனே வீணாகிவிடும் என்று பதறித் தூக்கியெறிகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்பாட்டில் உள்ள குப்பி, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். பிரித்த குப்பியைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, ஈரமான மண்பானைக்குள் வைத்தால் போதும். வீட்டுக்குள் தண்ணீர் நுழையுமென்று தெரிந்தவுடன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். தண்ணீர் நுழைந்தபின் காலை நனைத்துக்கொண்டு போய் அதைத் தொடவே கூடாது. இந்த மூன்றையும் அறிந்திருந்தால் ஒரு தெருவின் பாதி ஆபத்து குறையும்.

பாம்புக்கடி விஷயத்தில் இணையம் நம்மைக் காப்பாற்றுவதைவிடக் கெடுப்பது அதிகம். வெள்ளம் வந்தால் வளைகளை இழந்த பாம்புகள் திண்ணைக்கும் படுக்கைக்கும் வரும். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. நம்மிடம் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு. இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே நஞ்சுமுறி மருந்துதான். அதற்கான நஞ்சைப் பெருமளவில் எடுத்துத் தருவது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் காணொளிகளில் இன்னமும் கடிவாயைக் கீறுகிறார்கள், வாயால் உறிஞ்சித் துப்புகிறார்கள், கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். பழைய சினிமாக் காட்சிகளும் அதற்குத் துணை. கீறினால் இரத்தம் நிற்காமல் போகும், இறுக்கிக் கட்டினால் கையையே இழக்க நேரும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைச் சிம்பு வைத்து அசையாமல் செய்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைவது மட்டுமே முதலுதவி. பச்சிலை தேடும் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது நல்ல செயல். அதே ஆர்வத்தோடு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் ‘இங்கே நஞ்சுமுறி மருந்து இருப்பு இவ்வளவு’ என்று எழுதிவைத்தால், இரவு இரண்டு மணிக்கு எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்று தெரியும்.

ஒரு காணொளியை நம்பலாமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி எளியது. என்ன செய்யக் கூடாது என்பதை அது சொல்கிறதா? எந்தத் தேதியில் வந்தது? எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு? சொல்பவர் யார், தவறென்றால் அவரை யாராவது கேட்க முடியுமா? இந்தக் கேள்விகளில் பெரும்பாலான காணொளிகள் தேறாது. 2015 வெள்ளத்தின்போது, சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை பெய்யப்போவதாக நாசா சொன்னதென்று ஒரு வதந்தி பரவியது. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக இன்னொன்று. பண்ணை மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதே நாட்களில் தன்னார்வலர்கள் இணையத்தில் திறந்த பட்டியல்கள் வழியே படகும் உணவும் தங்குமிடமும் ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தன. வெள்ளம் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்துக்கொடுத்த வரைபடம் ஒன்று இரவோடு இரவாக உருவானது. பின்னாளில் பலர் பின்பற்றிய முன்மாதிரிகள் அவை. ஆனாலும் மீட்கப்பட்டுவிட்டவருக்கான உதவிக்குரல், தேதியும் நேரமும் போடப்படாததால், நாட்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தது. படகு அங்கே போய்த் திரும்பியது. வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும் ஒவ்வொருவரும் தேதி, நேரம், இடம் போட வேண்டும். உதவி கிடைத்ததும் ‘கிடைத்தது’ என்று எழுத வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்பிக்கலாம்.

வானிலையை எளிய தமிழில் புரியவைக்கும் தனி ஆர்வலர்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானின் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் சென்னையில் பலர் வண்டியை வெளியே எடுக்கிறார்கள். பாம்பனில் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே கடலைப் பற்றிச் சொல்கிறது. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ இன்றும் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். ஒரு கோபுரம் விழுந்தாலும் தொலைவில் இருக்கும் வானொலி நிலையம் கேட்கும். அரசின் நிலைமையோ வேறு. தேசிய ஆணையத்தின் தளத்தில் புயல், வெள்ளம், வெப்ப அலை, இடி மின்னல் என்று ஒவ்வொன்றுக்கும் விரிவான வழிகாட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அதிகாரிகள் அதிகாரிகளுக்கு எழுதிய ஆங்கில ஆவணங்கள். 2023 டிசம்பரில் திருவைகுண்டத்தில் தாமிரபரணி கரைமீறிய இரவில் கூரைமேல் ஏறி உட்கார்ந்தவருக்கு அவற்றிலிருந்து என்ன கிடைத்திருக்கும்? ஒரு பக்கத் தமிழ்த் தாள், அவர் ஊரின் பெயரோடு, அவர் ஊரின் மேட்டுநிலம் எது என்று குறிப்பிட்டு இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

கடலுக்குள் இருப்பவர்கள் இதைவிடத் தனிமையில் இருந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்ட மீனவர்கள் பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் ஒலித்த எச்சரிக்கை கைபேசி சிக்னலுக்கு அப்பால் இருந்தவர்களை எட்டவில்லை. அந்த மரணங்களுக்குப் பிறகே, செயற்கைக்கோள் வழியே படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் பற்றி அரசுகள் தீவிரமாகப் பேசத் தொடங்கின.

தகவல் வேறு, பழக்கம் வேறு. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று எந்தக் காணொளியும் சொல்லிவிடும். ஐந்து சென்டிமீட்டர் அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பது, பொம்மையின் மீதாவது ஒருமுறை அழுத்திப் பார்த்த கைக்குத்தான் தெரியும். அரக்கோணத்தில் முகாமிட்டுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது அணியினரும், நம் தீயணைப்புத் துறையினரும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் செயல்விளக்கம் தருகிறார்கள். ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் கிடைக்கிறது. பயிற்சி பெற்றவர் நம் ஊரில் யார் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. பழக்கம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று இந்தோனேசியாவின் சிமியுலு தீவு. 2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது அது. 1907-இல் ஒரு சுனாமியைப் பார்த்த அந்த மக்கள், நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓட வேண்டும் என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் அன்று இறந்தவர்கள் ஏழு பேர். எந்த மணியும் அங்கே ஒலிக்கவில்லை.

நம் ஊர்களில் இதைச் செய்ய ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. வழக்கமாக அக்டோபர் 2 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வரும் நாள் அது. நாமே தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமான நாள் கிடைத்திருக்காது. நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. அந்த அமர்வில் ஒரே ஒரு தாளை உரக்க வாசிக்க வேண்டும்: நம் ஊரில் நிவாரண முகாம் எந்தப் பள்ளி, அதன் சாவி யாரிடம், எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், படகோ டிராக்டரோ யாரிடம் இருக்கிறது, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், இந்த மூன்று மாதத்தில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் எத்தனை பேர், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனை எது. உடல்நிலை விவரங்களைச் சபையில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டியதில்லை, கிராம சுகாதாரச் செவிலியர் குறிப்பில் இருந்தால் போதும். மற்றவற்றை அச்சிட்டு வீடுதோறும் ஒட்ட அதிகச் செலவு ஆகாது. இணையத்தைத் துழாவத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்; ஆணையத்தின் ஆங்கில வழிகாட்டிகளைச் சொந்த ஊருக்கு ஏற்ற ஒரு பக்கத் தமிழாக்க அவர்களால் முடியும், சுகாதார ஆய்வாளர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடலாம். கிராமசபையில் எழுந்து இப்படி ஒரு தீர்மானம் கேட்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. தீர்மான நோட்டில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று ஊராட்சி நிர்வாகத்தைக் கேட்கலாம்.